பின்னறைக் கூரை

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரச் சொல்லிக் கேட்டார்கள். வேலை செய்து ஓய்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுமாம். போன மலரில் எழுதியவர் இதய வைத்தியர். அதற்கு முதல் மலரில் எழுதியவர் பாலம் கட்டிய பொறியியலாளர். நான் பத்தொன்பது வருடம் ஒக்லண்டில் அடுத்தவர் வீட்டுக் கூரைக்குள்ளும் தரைக்கடியிலும் தவழ்ந்து திரிந்தவன். எலிப் புழுக்கை பற்றிக் கேட்டால் விபரமாக எழுதுவேன் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எல்லாரும் வீட்டில்தானே இருக்கிறோம், எழுதுங்கோ என்றார்.

நான் ஒத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் பழைய கம்பனியில் இப்போது வீடு பார்க்கப் போகிறவர்கள் வெப்பத்தைக் காட்டும் கமரா ஒன்றைக் கொண்டுபோகிறார்கள். அறையின் நடுவில் நின்று சீலிங்கை நோக்கிப் பிடித்தால், குளிர் இறங்காமல் கூரைக்குள் போடுகிற பஞ்சு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று நிறத்தில் காட்டிவிடும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதை எனக்குச் செய்து காட்டினாள். உங்கள் காலத்தில் இது இல்லாமல் கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்றாள். இந்தச் சாமான் ஆறு வருடத்துக்கு முன் என் கையில் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் ஒரு சாட்டுத்தான்.

இந்த ஊர் வீடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒக்லண்டில் பனி கொட்டுவதில்லை. அதனால் இது குளிர் ஊர் இல்லை என்று ஒரு எண்ணம், வீடு கட்டிய பழைய ஆட்களுக்கு இருந்திருக்கிறது. மரக்குற்றிகளின் மேல் தரை, மரப்பலகைச் சுவர், தகரக் கூரை. இடையில் ஒன்றும் இல்லை. யூன், யூலை மாதத்தில் வெளியே நிற்பதைவிட உள்ளே இருப்பது குளிர். காலையில் எழும்பி, யன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைத் துவாயால் துடைத்துப் பிழிவது இங்கே பல வீடுகளில் பல் தீட்டுவதற்கு முன் செய்கிற வேலை. சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். துடைத்தால் போகும், இரண்டு கிழமையில் திரும்பி வரும். நாங்களும் வந்த முதல் குளிர்காலத்தில் தொப்பி போட்டுக்கொண்டுதான் சோறு தின்றோம்.

ஒக்லண்டில் விரி என்ற பகுதியில் ஒரு பண்டகசாலையில் எட்டு வருடம் பெட்டி ஏற்றினேன். அது மூடியதும் இந்த வேலைக்கு வந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மாதம் ஒருவரின் பின்னால் தவழ்ந்தேன். கண்ணாடிப் பஞ்சு உடம்பில் பட்டால் சுடுதண்ணியில் குளிக்கக்கூடாது, பச்சைத்தண்ணியில்தான் குளிக்க வேண்டும் என்பதை முதல் நாளே படித்தேன். மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வந்தது. சில வருடம் பஞ்சு போட்டேன். முழங்கால் தேய்ந்த பிறகு என்னை வீடு பார்த்து அறிக்கை எழுதுகிற வேலைக்கு மாற்றினார்கள்.

என் மேலாளர் பெயர் ஹேமி. வடக்கிலிருந்து வந்தவர், இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரி மனிதர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். சீலிங்கில் ஓர் ஆள் நுழையுமளவு சதுரமான பலகை மூடி ஒன்று இருக்கும், அதை இங்கே மான்ஹோல் என்பார்கள். ஹேமியின் தோள் அதற்குள் போகாது. தலையும் ஒரு கையும்தான் போகும். கூரைக்குள் நுழைய முடியாத ஒருவர் கூரைக்காரர்களுக்கெல்லாம் மேலாளர் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் நாங்கள் இறங்கி வரும்வரை ஏணியடியில் நின்று, வந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பார். உன் கை எங்கெங்கே பட்டது?

கண் ஏமாறும் என்பது அவருடைய கட்சி. ரோச் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் பஞ்சு மாதிரித்தான் தெரியும். தூசியும் பஞ்சு, எலிக்கூடும் பஞ்சு. ஆகவே மெயின் சுவிட்சை அணைத்து, முகமூடி கட்டி, மரச் சட்டத்தில் மட்டும் முழங்காலை வைத்துப் போய், ஒவ்வோர் அறைக்கும் மேலே பஞ்சுக்குள் கையை விட்டுப் பலகையைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் அடிமட்டத்தைக் குத்தி நிறுத்தி, எத்தனை சென்ரிமீற்றர் என்று தெரியும்படி படம் எடுக்க வேண்டும். பன்னிரண்டுக்குக் குறைந்தால் போதாது. போக முடியாத இடம் என்றால் அறிக்கையில் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. “அணுக முடியவில்லை” என்று அடையாளமிட்டு, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்தப் பெட்டியை நிரப்பினதற்காக ஹேமி ஒருவரையும் ஏசி நான் கண்டதில்லை. திரும்ப ஒரு நாள் குறித்து வேறு வழி பார்ப்பார், அவ்வளவுதான்.

முதல் வருடம் ஒரு வீட்டில் தரைக்கடியில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய வெள்ளித்தாள் அடித்திருந்தது. அதைக் கழற்ற நான் தலையை உள்ளே விட்டுவிட்டேன். ஹேமி என் இரண்டு கணுக்காலையும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். மெயின் சுவிட்சை அணைத்தாயா என்று கேட்டார். வீட்டுக்காரர் அணைத்துவிட்டதாகச் சொன்னார் என்றேன். அவர் எழுந்து போய்ப் பார்த்தார். அணைக்கவில்லை. அந்தத் தாள் வயரில் உரசி மின்சாரம் ஏறி ஆட்கள் செத்த நாடு இது. அவர் கத்தவில்லை. சொன்னார் என்பது வேறு, பார்த்தேன் என்பது வேறு என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தார். அன்று என்னால் அதைச் சாப்பிட முடியவில்லை.

இன்னொரு வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கணவன் செத்தவ. ஐந்து அறை வீட்டில் குசினியில் மட்டும் வாழ்ந்தா. கேக் சுடுகிற மின்அடுப்பின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு, அதிலேயே நித்திரை. குளிருதா என்று கேட்டால், இன்னொரு சுவெற்றர் போட்டால் சரி என்பா. அந்த வீட்டுக்கு மேலேயும் கீழேயும் பஞ்சு போட்டு, சுவரில் அறையைச் சூடாக்கும் ஹீற் பம்ப் பூட்டினோம். இரண்டு மாதம் கழித்துக் கம்பனிக்குப் போன் எடுத்து, கட்டிலில் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. நான் செய்த வேலையில் நெஞ்சு நிறைந்த நாள் அது ஒன்றுதான். மற்றதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வாடகை வீடுகளுக்கெல்லாம் பஞ்சு கட்டாயம் என்று சட்டம் வந்த வருடக் குளிர்காலம். நெஞ்சுச் சளியால் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருகிற பிள்ளைகளின் வீடுகளைப் பார்க்கச் சொல்லி எங்களுக்கு ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு நாள் தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தது. லின்ஃபீல்டில் வீடு. நான்கு வயதுப் பெண்பிள்ளை, ஆரணி. அந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது தரமாக ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தாள். உன்னுடைய ஆட்கள், நீ போ என்று ஹேமி என்னிடம் தந்தார்.

நான் போனபோது தாய் சுகந்தி மட்டும் வீட்டில் நின்றா. தகப்பன் விரியில் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை சோபாவில் இரண்டு போர்வைக்குள் கிடந்து, மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. சுகந்தி என்னிடம் கேட்டது ஒன்றுதான். வீட்டால்தான் பிள்ளைக்கு வருத்தம் என்று டொக்டர்மார் சந்தேகப்படுகிறார்கள், அது உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்கோ என்றா. உண்மை என்றால் எப்படியும் வேறு வீடு பார்த்துப் போய்விடுவோம் என்றா.

தரைக்கடி நன்றாக இருந்தது. மண்ணுக்கு மேல் பொலித்தீன் விரித்து, பஞ்சும் ஒழுங்காக வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் நடையின் சீலிங்கில் இருந்த மான்ஹோலால் ஏறிப் பெரிய கூரையைப் பார்த்தேன். பதினான்கு சென்ரிமீற்றர். கை விட்டேன், படம் எடுத்தேன், எல்லாம் முறைப்படி. ஆனால் வீட்டின் பின்புறத்தில் பிறகு சேர்த்துக் கட்டிய அறை ஒன்று இருந்தது. அதன் கூரை தனிக்கூரை, பெரிய கூரைக்குள்ளிருந்து அதற்குப் போக வழி இல்லை. அந்த அறைக்குரிய மான்ஹோல் சுவரலுமாரிக்குள், மேல்தட்டுக்கு மேலே இருந்தது. அலுமாரிக்கு முன்னால் சீலை தொங்கியது. உள்ளே சாமிப்படங்கள்.

சுகந்தி சீலைக்கு முன்னால் நின்றா. மாமனார் ஊரில் தவறி ஒன்பது நாள் என்றா. முப்பத்தொரு நாளும் துடக்கு, சாமியறை தொடக்கூடாது, விளக்கும் வைக்கிறதில்லை என்றா. படங்களை எடுக்காமல் அந்தத் துவாரத்தால் ஏற முடியாது. நானும் அந்த மாதிரி வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்தவன்தான். சாமிக்கு மேலால் சப்பாத்துக்காலோடு தவழ்கிறதை நினைக்க எனக்கும் உடம்பு கூசியது. அந்த மனிசியின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஏணியை மடித்தேன்.

வெளியில் வந்து வாகனத்துக்குள் இருந்து, வீட்டை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவரும் தமிழர்தான். பின்னறைக்கும் சேர்த்துத்தான், தம்பி, பஞ்சு போடுவிச்சனான் என்றார். காசு கொடுத்தவர், போட்டிருக்கிறார்கள் என்று நம்பியவர். பொய் சொல்லவில்லை. மடியில் அறிக்கை. “அணுக முடியவில்லை” என்ற பெட்டி இருந்தது. ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். சாமி என்றும் துடக்கு என்றும் இங்கிலீசில் எப்படி எழுதுவது? ஒருமுறை ஓர் இந்திய வீட்டில் வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கட்டியிருந்ததைக் கண்டு எங்கள் கம்பனி ஆட்கள் ஒரு கிழமை பகிடி பண்ணினார்கள். நானும் கூட நின்று சிரித்தேன். இப்போது எங்கள் வீட்டுச் சங்கதியை அந்த மேசையில் கொண்டுபோய் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வீடு முழுவதும் சீலிங்கில் பஞ்சு உண்டு என்று அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பின்னறை வடக்கைப் பார்த்தது. இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். பிள்ளை படுத்தது தெற்குப் பக்கத்து அறையில். திரும்பவும் உள்ளே போய், வீடு சரியாக இருக்கிறது, பிள்ளையை மட்டும் பின்னறையில் படுக்க விடுங்கோ, அதுதான் சூடான அறை என்று சுகந்தியிடம் சொன்னேன். ஒரு ஹீற்றரும் தடித்த திரைச்சீலையும் கிடைக்கச் செய்தேன். அன்றைக்கே கட்டிலை மாற்றியிருக்கிறார்கள்.

ஓகஸ்ட் மாதம் ஆரணி திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். செப்டெம்பரில் இன்னொரு தரம், அந்த முறை பதினாறு நாள். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் விரிந்து தடித்துவிட்டன, அவை இனிப் பழைய நிலைக்கு வராது என்று டொக்டர்மார் சொன்னார்களாம். வாழ்நாள் முழுவதும் காலையும் மாலையும் முதுகில் தட்டிச் சளி எடுக்க வேண்டும். வீடு சரி என்று அறிக்கை இருந்தபடியால் அவர்கள் நோய்க்கு வேறு காரணம் தேடி, இரத்தமும் எடுத்து எடுத்து, இரண்டு மாதம் போய்விட்டது. கடைசியில் ஒரு தாதி, எனக்கு நம்பிக்கை இல்லை, வீட்டைத் திரும்பப் பாருங்கள் என்று கம்பனிக்கு எழுதினா.

ஹேமி தானே போனார். துடக்கெல்லாம் எப்போதோ கழிந்து, சுகந்தி படங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறா. அவர் தலையையும் ஒரு கையையும் துவாரத்துக்குள் விட்டு எடுத்த படங்களை மறுநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு முன்னால் வைத்தார். பின்னறைக் கூரைக்குள் ஒரு துண்டுப் பஞ்சு கூட இல்லை. வெறும் பலகை. இரண்டு கூரையும் சேருகிற இடத்தில் தகரம் விலகி, மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து, பலகை கறுத்து ஊறிப்போய் இருந்தது. அந்தக் கறுப்பின் மேல் அவருடைய அடிமட்டம் நின்றது. சுழியம் காட்டியது. அதற்கு நேர் கீழேதான் பிள்ளையின் கட்டில்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் துடக்கைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் சாமியறையைத் தொட விடவில்லை, எங்கள் வழக்கத்தில் அது பெரிய குற்றம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டிலும் தொடக்கூடாதவை இருக்கின்றன, அதை எனக்கு விளங்கப்படுத்த வேண்டுமா என்று கேட்டார். ஒரு வரி எழுதியிருந்தால் முப்பத்திரண்டாம் நாள் நானே வந்து நின்றிருப்பேனே என்றார். என்னால் உள்ளே போக முடியாது, உன் கையை நம்பித்தானே கையெழுத்து வைக்கிறேன் என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார்கள். கூரையைப் பழுதுபார்த்துப் பஞ்சு போட்டார்கள். இனி ஒன்று மட்டும் மிச்சம், அந்தத் தாயிடம் நீயே போய் உண்மையைச் சொல் என்றார் ஹேமி.

போனேன். சுகந்தி தேத்தண்ணி வைத்தா. தகப்பனும் நின்றார். நான் வாயைத் திறக்க முன்னமே அவர் என் கையைப் பிடித்தார். நீங்கள் சொல்லித்தானே, அங்கிள், கம்பனிக்காரர் திரும்பி வந்து பார்த்துக் கூரையைத் திருத்தினவை, எங்கட ஆள் ஒருத்தர் உள்ளே இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்றார். ஒழுக்குக் கூரையை மாற்றினார்கள் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நோய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் தேத்தண்ணியில் மறைத்தேன். மறுநாள் ஹேமி, சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் என்னை நம்பினார். வெட்கங்கெட்ட வேலை. அதற்குப் பிறகு மூன்று வருடம் அதே மனிதரின் கீழ் வேலை செய்து, பிரிவுபசாரத்தில் அவர் கையால் மணிக்கூடும் வாங்கினேன்.

இதுவரை உள்ளதைப் போன மாதம் எழுதி முடித்தேன். பெயரை மாற்றினாலும் இது அந்தக் குடும்பத்தின் கதை. கேட்காமல் அச்சில் போடக்கூடாது என்று நினைத்தேன். எழுத்தில் கொடுத்தால் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்ற கோழைத்தனமும் அதற்குள் இருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் தாள்களை எடுத்துக்கொண்டு சுகந்தியின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் இப்போது பாட்டனி டவுன்ஸ் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். ஆரணிக்குப் பத்து வயது. உள்ளே தன் அறையில் இருந்தாள்.

சுகந்தி குசினி மேசையில் இருந்து வாசித்தா. நான் அவவுடைய முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தாள் புரளுகிற சத்தம் கேட்டது. இடையில் ஒரு தாளைத் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தா. முடித்துவிட்டு எல்லாத் தாளையும் ஒன்றாக அடுக்கி வைத்தா.

“இதில ஒண்டு பிழையா எழுதியிருக்கிறியள், அங்கிள்” என்றா.

எது என்று கேட்டேன்.

“துடக்கு எண்டு சொன்னனான்தான். அது உண்மை. ஆனா நீங்கள் ஏணியை மடிக்க முன்னமே நான் படத்தையெல்லாம் எடுத்திட்டன். எடுத்துக் கட்டிலில வைச்சனான். பிள்ளையின்ர மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னெண்டு துடக்குப் பாக்கிறது? நீங்கள்தான், வேண்டாம் பிள்ளை, எல்லாம் ஒண்டாத்தான் போட்டிருப்பாங்கள், திரும்ப வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வெளியில போனனீங்கள்.”

நான் அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்தபோதே அந்தக் கட்டில் என் கண்ணில் வந்தது. நீலப் பூப்போட்ட விரிப்பு. அதன் மேல் வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்கள். முருகன் படத்தின் மூலையில் காய்ந்த சந்தனம். துவாரம் வெறுமையாக, ஏணி வைக்கத் தயாராக, எனக்கு மேலே இருந்தது. ஆறு வருடமாக ஹேமிக்கும் என் மனைவிக்கும் எனக்கும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, அந்தக் கட்டிலை நான் அழித்துவிட்டிருந்தேன்.

சுகந்தி இன்னும் முடிக்கவில்லை. தாள்களின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினா. கோபம் இல்லை. கோபத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“நான் ஆருக்கும் சொல்லேல்லை. இவருக்கும் சொல்லேல்லை. துடக்கோட சாமியைத் தொட்டனான், தொட்டு அடுத்த மாசம் பிள்ளை திரும்ப விழுந்திட்டாள். அதுக்குத்தான் தண்டனை எண்டு இவ்வளவு நாளும் இருந்தனான். கோயிலுக்குப் போனா உள்ளுக்குப் போகமாட்டன். வாசல்ல நிண்டு கும்பிட்டிட்டு வந்திடுவன். அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அங்கிள்.”

கூரைதான் காரணம் என்றேன். ஈரப் பலகைக்குக் கீழே குளிரில் படுத்ததுதான் காரணம், அங்கே படுக்க விடச் சொன்னதும் நான்தான் என்றேன். அவ தலையை ஆட்டினா. பிறகு எழுந்து போய், அறைக் கதவைத் தட்டி ஆரணியைக் கூட்டி வந்தா. மெலிந்த பிள்ளை, நல்ல உயரம். கையில் ஒரு புத்தகம் இருந்தது.

“இவளுக்கும் சொல்லுங்கோ. இங்கிலீசில சொல்லுங்கோ, அப்பத்தான் விளங்கும். ஒருநாள் ஆஸ்பத்திரியில வைச்சு அழேக்க நான் இவளிட்டச் சொல்லிப்போட்டன். அம்மா செய்த பிழையாலதான் உனக்கு இப்பிடி எண்டு.”

ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இங்கிலீசில் அறிக்கை எழுதியவன் நான். அந்தப் பிள்ளையின் முன் திக்கித் திக்கித்தான் தொடங்கினேன். உன் பழைய வீட்டைப் பார்க்க வந்தவன் நான், உன் அறைக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டியவன், பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதினேன், அதனால்தான் உனக்கு நோய் முற்றியது என்று ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஏன் பார்க்கவில்லை என்று, மிகவும் சாதாரணமாக, இங்கிலீசில் கேட்டாள்.

துடக்கு என்று வாயில் வந்தது. தாய் பக்கத்தில் நின்றா. அந்தச் சொல்லை விழுங்கினேன். வெட்கம் என்றும் சொல்லலாம். வெட்கமும் இருந்ததுதான், ஆனால் அது வாகனத்துக்குள் போய் இருந்த பிறகு வந்தது. ஏணியடியில் நின்றபோது இருந்தது வேறு. அது அன்றைய கடைசி வீடு. நாலு மணி ஆகியிருந்தது. முழங்கால் நொந்தது. தெருவில் வாகன நெரிசல் தொடங்க முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதைத்தான் சொன்னேன். எனக்குக் களைப்பாக இருந்தது, வீட்டுக்குப் போக விரும்பினேன் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னேன்.

அவள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள். வீட்டில் தமிழ் கதைக்காத பிள்ளை, சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள்.

“அப்ப நீங்க இல்லை, அம்மா. இவர்தான்.”

சுகந்தி கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. ஆரணி பக்கத்தில் போய் நின்று தாயின் முதுகில் கையை வைத்தாள். காலையும் மாலையும் தனக்குத் தட்டுகிற மாதிரி மெல்லத் தட்டினாள். நான் இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுகந்தி தாள்களை என் பக்கம் தள்ளினா. போடுங்கோ, ஆனால் ஒன்றையும் வெட்டவேண்டாம், பொய் எழுதின இடமும் அப்படியே இருக்கட்டும், நடந்ததைப் பின்னால் எழுதுங்கோ என்றா. அவ சொன்னபடியே செய்திருக்கிறேன். நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் சற்று நின்றேன். எங்கள் ஆட்களின் வீட்டில் எவ்வளவு கோபக்காரரையும் போயிட்டு வாங்கோ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.